10 நிமிஷம் லைனை நிறுத்தினால் எத்தனை பீஸ் போகும்?

கேள்வி இது: "திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 24 பேர் உள்ள தையல் லைனுக்குப் புதிதாக சூப்பர்வைசர் ஆகியிருக்கிறேன். ஆட்கள் ஏனோதானோ என்று வேலை செய்கிறார்கள். மீட்டிங் போட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. செய்த வேலையை நின்று யோசிக்க ஆட்களுக்கு நேரம் கொடு என்கிறார் மேனேஜர். டார்கெட்டை வைத்துக்கொண்டு அது எப்படி முடியும்?"

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஏனென்றால் நாளைக்கு புரொடக்‌ஷன் மேனேஜர் உங்களிடம் கேட்கப்போவது இதைத்தான்.

சாதாரண டி-சர்ட் ஒன்றுக்கு எஸ்.எம்.வி., அதாவது தைத்து முடிக்கக் கணக்கிட்ட நேரம், 7 நிமிஷம் என்று வையுங்கள். 24 பேர், 8 மணி நேரம் என்றால் 11,520 நிமிஷம். லைன் 50 சதவீத எபிஷியன்சியில் ஓடினால், அதாவது அதில் பாதி நேரம்தான் பீஸாக மாறினால், நாளுக்குச் சுமார் 820 பீஸ் வரும். பத்து நிமிஷம் எல்லோரையும் நிறுத்தினால் 240 ஆள்-நிமிஷம், அதாவது 17 பீஸ் போகும். பெரிய தொகை இல்லை. ஆனாலும் இலவசம் என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

போன நேரம் திரும்பி வருவது எங்கே? ஆல்டரில், அதாவது தப்பாகத் தைத்துத் திருத்தத்துக்குத் திரும்பும் பீஸ்களில். 820-ல் 8 சதவீதம் ஆல்டர் என்றால் 65 பீஸ். கழுத்துப் பட்டியான ரிப்பை ஏற்ற அரை நிமிஷம் போதும். அதையே பிரித்து மறுபடி ஏற்ற நாலைந்து நிமிஷம் ஆகும். ஆல்டர் 6 சதவீதத்துக்கு இறங்கினால் நாளுக்கு 16 பீஸ் மிச்சம். பீஸுக்கு 5 நிமிஷம், வாரத்துக்கு 6 நாள் என்று போட்டால் 480 ஆள்-நிமிஷம். வாரத்தில் இரண்டு தடவை பத்துப் பத்து நிமிஷம் நிறுத்துவதற்கான செலவும் அதே 480. அதனால்தான் என் சிபாரிசு வாரம் இரண்டு நாள். தினமும் முழு லைனையும் நிறுத்தினால் இந்தக் கணக்கு தாங்காது. மூன்றாவது வாரமே மேலிடத்திலிருந்து நிறுத்தச் சொல்லிவிடுவார்கள்.

பீஸ் ரேட்டில் தைப்பவர்கள் இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு நாளைக்கு 800 ரூபாய் பார்ப்பவருக்கு இந்தப் பத்து நிமிஷம் 16, 17 ரூபாய். அது கைக்காசு போவது. அவர் வாயை மூடிக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். 24 பேருக்கும் சேர்த்து ஒரு தடவைக்கு 400 ரூபாய். அதைக் கூலியில் சேர்த்துக் கொடுக்க முதலில் கையெழுத்து வாங்குங்கள், அப்புறம் கூட்டத்தைப் பற்றி யோசியுங்கள். சனிக்கிழமை சம்பளம் இழுத்தடிக்கும் கம்பெனியாக இருந்தால் நான் கீழே சொல்வது எதுவும் வேலைக்கு ஆகாது. சம்பளக் குறை ஆளை ஓட்டிவிடும், ஆனால் சம்பளம் சரியாக வந்துவிட்டால் மட்டும் ஒருவருக்கு வேலையில் ஆர்வம் பிறந்துவிடாது என்று அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் 1959-லேயே சொல்லிவிட்டார். இரண்டு பாதியையும் சேர்த்தே ஞாபகம் வையுங்கள்.

நேரம் எப்போது? காலை 8.30-க்கு வேண்டாம். யார் வரவில்லை, எந்த மெஷினுக்கு யாரை மாற்றிப் போடுவது என்று நீங்களே ஓடிக்கொண்டிருப்பீர்கள். சாயங்காலமும் வேண்டாம், வேன் நிற்கும், மனசு வீட்டில் இருக்கும். 11 மணி டீ முடிந்த கையோடு வையுங்கள். மெஷின்கள் ஏற்கெனவே நின்றிருக்கின்றன, அதனால் நிறுத்தி ஓட்டும் இழப்பு தனியாக ஒரு தடவை வராது. ஆனால் டீ நேரத்தில் ஒரு நிமிஷம்கூடத் திருடக் கூடாது. செவ்வாயும் வெள்ளியும் தோதான நாட்கள். சனிக்கிழமை சம்பள யோசனை.

இடம், செக்கிங் டேபிள். ஆபீஸ் ரூம் கூடாது. டேபிளில் அன்றைய ஆல்டரில் மூன்று பீஸை மட்டும் எடுத்துப் போடுங்கள். பண்டல் டிக்கெட்டைக் கழற்றிவிட்டுப் போட வேண்டும். யார் தைத்தது என்பது தெரிந்த அந்த நொடியில் பேச்சு முடிந்துவிடும். எல்லோரும் அந்த ஒருவரைப் பார்ப்பார்கள், அவர் தரையைப் பார்ப்பார்.

"ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று கேட்காதீர்கள். "ஒண்ணும் இல்லைங்க" என்றுதான் பதில் வரும். பீஸைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். "அக்கா, இந்த நெக் ரிப் ஏனுங்க இப்படி இழுக்குது?" அப்போது வரும் பதில் வேறு மாதிரி இருக்கும்: "நேத்து வந்த ரிப் கட்டையா இருக்குங்க, இழுத்து இழுத்து வைக்க வேண்டியிருக்கு." சரி, இன்ச் டேப்பை எடுத்து அங்கேயே பத்து ரிப்பை அளந்து பாருங்கள். நாலு பீஸ் அரை இஞ்ச் குறைவாக இருந்தால் குற்றம் தையலில் இல்லை, கட்டிங்கில். லைக்ரா கலந்த ரிப்பை ரோலிலிருந்து பிரித்துப் போட்டு ஓர் இரவாவது தளர விடாமல் சூட்டோடு சூடாக வெட்டினால், வெட்டிய பிறகு சுருங்கும். தைப்பவர் அதை ஈடுகட்ட இழுப்பார், கழுத்து சுருக்கம் விழும். இது அந்த அக்காவுக்கு நேற்று மதியமே தெரியும். கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஓட்டை விழுந்த பீஸும் இப்படித்தான். ஊசி முனை மழுங்கியிருக்கலாம், பால் பாயின்ட் (உருண்டை முனை) இல்லாத ஊசியைப் போட்டிருக்கலாம், மெல்லிய துணிக்குத் தடித்த ஊசி ஓடிக்கொண்டிருக்கலாம். மெக்கானிக்கைக் கேட்டால் துணியைச் சொல்வார், ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரைக் கேட்டால் டைலரைச் சொல்வார். பீஸைக் கையில் வைத்திருப்பவரைக் கேளுங்கள்.

பத்து நிமிஷத்துக்குள் நாலே கேள்வி போதும். எப்படி வந்திருக்க வேண்டும், எப்படி வந்திருக்கிறது, ஏன், நாளைக்கு எதை மாற்றுவது. இது அமெரிக்க ராணுவத்தில் ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளும் கேள்விகளின் வரிசை. அங்கே ஒரு நல்ல வழக்கம், அந்த நேரத்தில் பதவியைப் பார்க்காமல் யாரும் பேசலாம். நம் லைனில் அது ஒரே நாளில் வராது. அதனால் முதல் ஒரு மாசம் 24 பேரையும் பார்த்துக் கேட்காமல், பக்கத்துப் பக்கத்து மெஷின்காரர்கள் இரண்டிரண்டு பேராக இரண்டு நிமிஷம் பேசிக்கொள்ளட்டும். பிறகு ஒரு ஜோடியைக் கேளுங்கள். "நாங்க என்ன பேசிக்கிட்டோம்னா" என்று சொல்வது "நான் என்ன சொல்றேன்னா" என்பதைவிடப் பத்து மடங்கு சுலபம். ஆண்கள் முன்னால் பேசத் தயங்கும் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம்.

ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் இருந்தால் மொழிபெயர்க்க கான்ட்ராக்டர் ஆளை நிறுத்தாதீர்கள். அவர் முன்னால் குறை சொல்ல மாட்டார்கள். லைனிலேயே இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரைப் பிடியுங்கள். இல்லாவிட்டால் பீஸில் சாக்பீஸால் வட்டம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வட்டத்துக்கு மொழி கிடையாது.

இப்போது முக்கியமான விஷயம். ஒரு கூட்டத்தில் ஒரே ஒரு பிரச்சினையை எடுங்கள், அடுத்த நாள் 11 மணிக்குள் அதற்கு ஒரு பதிலோடு வாருங்கள். "கட்டிங்கில் சொல்லியாச்சு, இனி ரிப்பை முதல் நாளே பிரித்துப் போடுவார்கள்" என்று சொல்லலாம். "மேலே கேட்டேன், இந்த ஆர்டருக்கு முடியாதாம், அடுத்த லாட்டுக்குச் செய்வார்கள்" என்றும் சொல்லலாம். முடியாது என்பதும் பதில்தான். பதிலே வராததுதான் ஆளைக் கொல்லும். புது சூப்பர்வைசர்கள் உற்சாகத்தில் முதல் நாளே பதினைந்து குறையை போர்டில் எழுதி வைப்பார்கள். இரண்டு வாரம் கழித்தும் பதினைந்தும் அப்படியே இருக்கும், அதற்கப்புறம் யார் வாயைத் திறப்பார்கள்?

டொயோட்டாவின் ஆண்டன் கயிற்றைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், தொழிலாளியே லைனை நிறுத்தலாம் என்று. கயிற்றை இழுத்ததும் லைன் பட்டென்று நின்றுவிடாது. முதலில் டீம் லீடர் ஓடி வருவார். அந்த வண்டி குறிப்பிட்ட கோட்டைத் தாண்டும் வரை நேரம் இருக்கும். அதற்குள் சரியாகாவிட்டால்தான் லைன் நிற்கும். சூட்சுமம் கயிற்றில் இல்லை, ஓடி வரும் ஆளில். உங்கள் லைனில் மெஷின் மேல் ஒரு சிவப்புத் துணியை மாட்டச் சொன்னாலே போதும். ஆனால் இரண்டு நிமிஷத்துக்குள் நீங்களோ மெக்கானிக்கோ அங்கே நிற்க வேண்டும். மூன்று தடவை யாரும் வராவிட்டால் நாலாவது தடவை அந்தத் துணி முகம் துடைக்கப் போய்விடும்.

யோசிக்க நேரம் கொடுத்தால் வேலை கூடும் என்பதற்கு ஆதாரம் கேட்டால் விப்ரோ ஆய்வைக் காட்டுவார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் பயிற்சி நாளின் கடைசி 15 நிமிஷம் அன்று கற்றதை எழுதினார்கள், எழுதாதவர்களைவிட இறுதித் தேர்வில் 20 சதவீதத்துக்கு மேல் அதிகம் எடுத்தார்கள் என்று. அந்த எண்ணைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். ஆய்வாளர்களில் ஒருவர் பிற்பாடு வேறு ஆய்வுகளில் தரவு முறைகேட்டுக் குற்றச்சாட்டுக்கு ஆளானவர். அதில் எழுதியவர்கள் ஆபீஸ் வேலைக்குப் பயிற்சி எடுத்தவர்கள், நீங்கள் நடத்துவது ஓவர்லாக் தையல் மெஷின். அமாபைல், கிராமர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 7 கம்பெனிகளில் 238 பேரின் தினசரிக் குறிப்புகளைப் படித்தது எனக்கு இதைவிட உபயோகமாகத் தெரிகிறது. சுமார் 12,000 குறிப்புகள். செய்யும் வேலை கொஞ்சமாவது முன்னே நகர்ந்த நாள்தான் ஆட்களுக்கு நல்ல நாள். அவர்களும் ஆபீஸ்காரர்கள்தான், ஆனால் இது தையல் லைனுக்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

அதற்குச் செய்ய வேண்டியது சின்ன வேலை. மணிக்கணக்கு புரொடக்‌ஷன் போர்டில் இப்போது டார்கெட், வந்தது என்று இரண்டு பத்திதானே இருக்கும்? பக்கத்தில் "ஏன்" என்று மூன்றாவது பத்தி போடுங்கள். 2-லிருந்து 3 மணி: டார்கெட் 105, வந்தது 71, ஏன்: பாட்டம் பேட்லாக் (கீழ் விளிம்பை மடித்துத் தைக்கும் மெஷின்) 20 நிமிஷம் நின்றது. வெறும் 71 திட்டு மாதிரி இருக்கும். காரணத்தோடு 71, நடந்ததைச் சொல்லும். காரணத்தை எழுத வேண்டியது அந்த மெஷினில் இருப்பவர், நீங்கள் இல்லை.

நல்ல யோசனைக்கு 100 ரூபாய் பரிசு என்று அறிவிக்க ஆசை வரும். வேண்டாம். யார் சொன்ன யோசனை என்ற சண்டைதான் மிஞ்சும், ரிப் கட்டையாக இருப்பதைச் சொல்லக்கூட விலை பேசுவார்கள். ஆட்களைப் பிடித்துவைப்பது வேறு: கைமடியாக (உதவியாளாக) வந்தவர் டைலர் ஆவது, ஓவர்லாக் மட்டும் தெரிந்தவர் பேட்லாக் பழகுவது. ஒரு அட்டையில் 24 பெயர், எட்டு ஆபரேஷன் கட்டம் போட்டு யாருக்கு எது தெரியும் என்று குறித்து வையுங்கள். தினம் இரண்டு பேரிடம் மூன்று மூன்று நிமிஷம் தனியாகப் பேசினால் 12 வேலை நாளில் ஒரு சுற்று முடியும். அப்போது ஒரே கேள்வி: "அடுத்து எந்த மெஷின் பழகணும்னு நினைக்கிறீங்க?" கழிவுத் துணியில் வாரம் ஒரு மணி நேரமாவது பழக விடுங்கள். பழகியவருக்குக் கூலியை ஏற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துத் தெரு கம்பெனிக்கு நீங்கள் பயிற்சி கொடுத்தது போல ஆகும்.

ஷிப்மென்ட் வாரத்தில் முதலில் வெட்டுப்படுவது இந்தக் கூட்டம்தான். ஆனால் தப்பு அதிகம் நடப்பதும் அந்த வாரத்தில்தான். நாலு நிமிஷமாகக் குறையுங்கள், ஒரு பீஸை மட்டும் பாருங்கள். அடியோடு ரத்து செய்தால், வேலை இல்லாத நேரத்துப் பேச்சு இது என்று ஆட்கள் முடிவு கட்டிவிடுவார்கள். மேனேஜர் வந்து நின்று கேட்க ஆசைப்பட்டால், முதல் இரண்டு மாசம் வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். அவர் வந்தால் எல்லோரும் அவருக்காகப் பேசுவார்கள்.

உங்களுக்கும் யோசிக்க நேரம் வேண்டும், அதை யாரும் ஒதுக்கித் தர மாட்டார்கள். லைன் காலியான பிறகு பத்து நிமிஷம், ஒரு 40 பக்க நோட்டு, மூன்று வரி. இன்று எந்த மெஷின் அதிக நேரம் நின்றது? யாரிடம் குரலை உயர்த்தினேன்? நாளைக்கு முதல் மணி நேரத்தில் எதைப் பார்க்க வேண்டும்? திங்கள் காலையில் போன வாரத்துப் பக்கங்களைப் புரட்டுங்கள். ஒரே மெஷின் மூன்று தடவை வந்திருந்தால் மெக்கானிக்கிடம் வாய்ப்பேச்சு போதாது, நோட்டோடு மேலே போக வேண்டும். ஒரே ஆளின் பெயர் மூன்று தடவை வந்திருந்தால், போய் அவர் பக்கத்தில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். ஸ்டூல் உயரம், வெளிச்சம், பண்டல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, இவற்றைப் பார்த்துவிட்டு அப்புறம் ஆளைப் பாருங்கள்.