மின்கட்டணம், மின்வெட்டு, கார்பன் வரி: வாசகர் கேள்விகள்

கேள்வி: சூரிய மின்சாரம்தான் இருப்பதிலேயே மலிவு என்கிறார்கள். பிறகு ஜெர்மனியில் மின்கட்டணம் ஏன் இறங்கவில்லை?

பதில்: அவர்கள் சொல்லும் விலை ஆலையின் வாசலோடு முடிந்துவிடுகிறது. கட்டுமானம், பராமரிப்பு, வட்டி எல்லாவற்றையும் கூட்டி, ஆயுள் முழுக்கக் கிடைக்கும் யூனிட்டுகளால் வகுத்தால் வரும் தொகை அது. எந்த நேரத்து யூனிட் என்று அந்தக் கணக்கு பார்ப்பதே இல்லை. பொழுது சாய்ந்ததும் ஓடத் தயாராக நிற்கும் எரிவாயு நிலையம், காற்றாலையிலிருந்து தொழிற்சாலை வரை இழுக்கும் உயரழுத்தக் கம்பி, பேட்டரி ஆகியவற்றின் செலவு வேறு தலைப்புகளில் நுகர்வோர் பில்லுக்கு வந்து சேர்கிறது.

செய்தியில் '100 மெகாவாட் சூரிய ஆலை' என்று வந்தால் உச்சி வெயிலில் தரும் அளவு என்று படியுங்கள். ஜெர்மனியின் வெயிலுக்கு ஆண்டுச் சராசரியாகச் சுமார் 10 மெகாவாட்தான் தேறும். பேட்டரி என்றால் இரண்டு எண் வேண்டும். 100 மெகாவாட், 400 மெகாவாட்-மணி என்றால் முழுத்திறனில் 4 மணி நேரம் தாங்கும். இரண்டாவது எண் இல்லாத அறிவிப்பை எடைபோடவே முடியாது.

வெயிலும் இல்லாமல், காற்றும் ஓய்ந்துபோகும் நாட்களுக்கு ஜெர்மானியர் 'டுங்கல்ஃப்ளௌட்டே' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். 2024 டிசம்பர் 12 அப்படிப்பட்ட நாள். அன்று மாலை மொத்த விற்பனைச் சந்தையில் ஒரு மெகாவாட்-மணி (1,000 யூனிட்) 936 யூரோவைத் தொட்டது. இரவிலும் ஓடக்கூடிய கடைசி மூன்று அணு உலைகளை, சுமார் 4,000 மெகாவாட் திறனை, 2023 ஏப்ரல் 15 அன்றே அந்த நாடு மூடிவிட்டிருந்தது. நிலக்கரி எரிந்துகொண்டிருக்கும்போது கரியமில வாயு விடாத உலையை அணைத்ததற்கு எந்தச் சுற்றுச்சூழல் நியாயமும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் 2022 விலையேற்றத்தை இதில் சேர்க்காதீர்கள். அதற்கு முதல் காரணம் ரஷ்ய எரிவாயு வரத்து குறைந்தது.

கேள்வி: ஸ்பெயின் இருண்டதற்குச் சூரியத் தகடுகள்தானே காரணம்?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. 2025 ஏப்ரல் 28, பகல் 12.33-க்கு அங்கே மின்னழுத்தம் எல்லை மீறி ஏறியது. அழுத்தம் ஏறினால் மின் ஆலை தன்னைக் காத்துக்கொள்ள மின்கட்டமைப்பிலிருந்து கழன்றுகொள்ளும். அதனால் அழுத்தம் இன்னும் ஏறும், அடுத்த ஆலையும் கழலும். சில நொடிகளில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டன. ஏறிய அழுத்தத்தை இழுத்துப்பிடிக்க வேண்டிய வழக்கமான மின்நிலையங்கள் போதிய அளவு செய்யவில்லை என்கிறது ஸ்பெயின் அரசின் அறிக்கை. சூரியத் தகட்டின் மின்சாரத்தை மின்கட்டமைப்புக்கு ஏற்றபடி மாற்றித்தரும் இன்வெர்ட்டராலும் அதைச் செய்ய முடியும். அன்றைய விதி இடம் தரவில்லை. ஆலைகளை அனுமதித்த வேகத்தில் விதியையும் திருத்தியிருக்க வேண்டும். சூரிய மின்சாரத்தின் முழுச் செலவைக் கேள்வி கேட்கும் நம் பக்கத்தவர், தகடுகள்தான் காரணம் என்று அன்றே தீர்ப்பு எழுதியது அவசரம். அப்படித் தவறினால் நம் சரியான வாதமும் எடுபடாமல் போகும்.

கேள்வி: கார்பன் வரி சந்தை முறைதானே? கனடாவில் ஏன் தோற்றது?

பதில்: வெளிவிடும் கரியமில வாயுவுக்கு விலை வைப்பதுதான் கார்பன் வரி; ஏட்டளவில் ஒழுங்கான யோசனை. கனடாவில் 2024-ல் டன்னுக்கு 80 கனடா டாலர்; பெட்ரோலில் லிட்டருக்கு 17.6 சென்ட். வசூலில் பெரும்பகுதி மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடும்பங்களின் வங்கிக் கணக்குக்குத் திரும்பியது. ஆனால் டேங்க் நிரப்பும்போதெல்லாம் வரி கண்ணில் பட்டது, திரும்பி வந்த பணம் படவில்லை. அதைவிடப் பெரிய அடி 2023 அக்டோபரில் விழுந்தது. வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கு மட்டும் மூன்றாண்டு விலக்கு கொடுத்தார்கள். அட்லாண்டிக் மாகாணங்களில்தான் அந்த எண்ணெய்ப் புழக்கம் அதிகம். எரிவாயுவில் வீட்டைச் சூடாக்கும் மேற்கு மாகாணத்தவர் "எங்களுக்கு மட்டும் ஏன் வரி?" என்று கேட்டதில் நியாயம் இருந்தது. எல்லாருக்கும் ஒரே விலை என்பதுதான் இந்த வரியின் உயிர்நாடி. அதை அரசே அறுத்துவிட்டது. கடைசியில், வரியைக் கொண்டுவந்த அதே லிபரல் கட்சியின் பிரதமர் மார்க் கார்னி 2025 ஏப்ரல் 1 முதல் நுகர்வோர் வரியைப் பூஜ்யமாக்கினார். பெரிய தொழிற்சாலைகளுக்கான கார்பன் விலை மட்டும் தொடர்கிறது.