சபையின் பெயரைச் சொல்லாத பைபிள் வகுப்பு: மகளை எப்படி அணுகுவது?

கேள்வி: நாங்கள் நாகர்கோவில் பக்கம், சி.எஸ்.ஐ. குடும்பம். மகளுக்கு 23 வயது, சென்னையில் ஐ.டி. வேலை. ஐந்தாறு மாதமாக வாரத்தில் நான்கு நாள் இரவில் ஜூமில் பைபிள் வகுப்பில் உட்காருகிறாள். இன்ஸ்டாகிராமில் பழக்கமான ஒரு பெண் சேர்த்துவிட்டாளாம். எந்தச் சபை என்று கேட்டால், "சபையெல்லாம் இல்லை, வேதத்தை மட்டும் படிக்கிறோம்" என்கிறாள். யாரிடமும் சொல்லக்கூடாது, சொன்னால் பறவைகள் வந்து விதையைக் கொத்திக்கொண்டு போய்விடும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இப்போது ஞாயிறு ஆராதனைக்கும் போவதில்லை. இது கொரியாவிலிருந்து வந்த கள்ள உபதேசம் என்கிறார் உறவினர் ஒருவர். வேலையை விடச் சொல்லி ஊருக்குக் கூட்டிவந்து, போனை வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்கிறார் அவள் அப்பா. போதகர் ஐயாவை வைத்துப் பேசலாமா? என்ன செய்வது?

பதில்: போனை வாங்கி வைக்க வேண்டாம். ஊருக்குக் கட்டாயப்படுத்திக் கூட்டிவரவும் வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். பயத்தில் இருக்கும் பெற்றோர் முதலில் செய்வது இதைத்தான், பிறகு சரிசெய்ய ரொம்பக் கஷ்டப்படுவதும் இதைத்தான்.

உங்கள் உறவினர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. பெயர் சொல்லாத வகுப்பு, வாரத்துக்கு நான்கு நாள், உவமைகளில் ஆரம்பிக்கும் பாடம், பறவை கொத்திவிடும் என்ற எச்சரிக்கை எல்லாம் தென்கொரியாவின் ஷின்சியோன்ஜி என்ற இயக்கத்தின் முறையோடு நெருக்கமாகப் பொருந்துகின்றன. உறுதி செய்ய வேண்டியது உங்கள் மகள்தான். அதற்கு அவளிடம் என்ன கேட்பது என்று பின்னால் சொல்கிறேன்.

ஷின்சியோன்ஜியை 1984 மார்ச் 14 அன்று தொடங்கியவர் லீ மான் ஹீ. 1931-ல் பிறந்தவர். இறையியல் கல்லூரியில் படித்தவர் அல்ல. கொரியப் போருக்குப் பிறகு அங்கே 'நானே வாக்குத்தத்தம் பண்ணப்பட்டவன்' என்று பலர் எழுந்தார்கள். அப்படி எழுந்த பார்க் டே சோனின் இயக்கத்தில் லீ முதலில் இருந்தார். அப்புறம் சியோலுக்குப் பக்கத்தில் குவாச்சியோன் என்ற ஊரில் இருந்த 'கூடார ஆலயம்' என்ற குழுவில் சேர்ந்தார். அந்தக் குழு உடைந்தது. பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் எழுதியிருப்பதெல்லாம் அந்தச் சின்ன ஊரில், அந்தக் குழுவின் உடைப்பில் நிஜமாகவே நிறைவேறிவிட்டது, அதைக் கண்டும் கேட்டும் சாட்சி சொல்ல அனுப்பப்பட்டவர் லீ மட்டும்தான் என்பதே அவர்கள் போதனையின் மையம். அந்தப் புத்தகத்தின் இரண்டு, மூன்றாம் அதிகாரங்களில் வரும் 'ஜெயங்கொள்ளுகிறவன்' இவரே என்பார்கள்.

ஆனால் முதல் நாள் வகுப்பில் இதில் ஒரு வார்த்தைகூட வராது. முதல் சில மாதங்கள், விதைக்கிறவன் உவமை வரும் மத்தேயு 13-ம் அதிகாரத்தில்தான் போகும். விதை என்றால் வசனம், வயல் என்றால் இருதயம், மரம் என்றால் மனிதன், பறவை என்றால் ஆவி. இப்படி ஒவ்வொரு உவமைச் சொல்லுக்கும் ஒரு அர்த்தம் மனப்பாடமாக ஏறும். வீட்டுப்பாடம் உண்டு, பரீட்சை உண்டு. பிறகு அந்த அர்த்தங்களையே சாவியாக வைத்து வெளிப்படுத்தின விசேஷத்தைத் திறந்து காட்டுவார்கள். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தும். சாவியைச் செய்தவர்களே பூட்டையும் செய்தார்கள் என்பது அந்த நேரத்தில் கண்ணில் படாது. சபையின் பெயரும் நிறுவனரின் பெயரும் வெளியே வருவது, மாதக்கணக்கான இரவுகளைக் கொடுத்து முடித்த பிறகுதான். அந்தக் கட்டத்தில் எழுந்து போனால் அத்தனை இரவும் வீண் என்ற எண்ணமே மாணவரைப் பிடித்து வைத்துவிடும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். வகுப்பில் சக மாணவர்போல் இருப்பவர்களில் சிலர் ஏற்கெனவே உறுப்பினர்கள். பாடம் முடிந்ததும் "உனக்கு எப்படி இருந்தது, எனக்கு அழுகையே வந்துவிட்டது" என்று மெசேஜ் அனுப்புவார்கள். உங்கள் மகள் சொல்லும் சந்தேகம், வீட்டுப் பிரச்சினை, போதகர் மேல் உள்ள வருத்தம் எல்லாம் பாடம் நடத்துகிறவருக்குப் போகும். அடுத்த வகுப்பில் அதற்குப் பதில் வந்ததும் தேவனே பேசினார் என்று தோன்றும். இந்த இயக்கத்தில் எனக்கு மன்னிக்க முடியாதது இந்த வேவுதான். கோட்பாட்டில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் வேறுபடலாம். ஒருத்தியின் மனதை அவளுக்குத் தெரியாமல் வேவு பார்த்து அதை வைத்து அவளை வழிநடத்துவதை விசுவாசம் என்று சொல்ல முடியாது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனித்துக்கொள்ள வேண்டும். கோபத்தில் நம் வீடுகளில் எல்லாச் சிறிய சபைகளையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம். யெகோவாவின் சாட்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். திரித்துவத்தை ஏற்பதில்லை, ரத்தம் ஏற்றிக்கொள்வதில்லை. சி.எஸ்.ஐ. போதனையிலிருந்து வெகுதூரம். ஆனாலும் வாசலில் வந்து நிற்கும்போதே யார் என்று சொல்லிவிடுகிறார்கள். தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றும் பாடாததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட, அவர்களைச் சேர்ந்த கேரளத்துப் பிள்ளைகளின் வழக்கில், 1986-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிள்ளைகள் பக்கம் நின்றது. விசித்திரமான நம்பிக்கை வைத்திருக்கவும் இந்த நாட்டில் உரிமை உண்டு. உங்கள் மகளுக்கும் உண்டு. ஆகவே அவளிடம் "அவர்கள் போதனை தப்பு" என்று ஆரம்பிக்காதீர்கள். "அவர்கள் ஏன் பெயரை மறைக்கிறார்கள்?" என்ற ஒரே கேள்வியில் நில்லுங்கள். வேத விவாதத்தில் அவள் உங்களைத் தோற்கடித்துவிடுவாள், அதற்காகவே ஐந்து மாதம் தயாராகியிருக்கிறாள். இந்தக் கேள்விக்கு அவளிடம் தயாரான பதில் இருந்தாலும் அது அவளையே கொஞ்சம் உறுத்தும்.

சரி, கேட்பது எப்படி? அவள் நல்ல மனநிலையில் இருக்கும் நாளில், முடிந்தால் நேரில், நீங்கள் மட்டும். "எனக்கும் அந்த வகுப்பில் ஒரு நாள் உட்கார ஆசை, கேட்டுச் சொல்கிறாயா?" என்று கேளுங்கள். பிறகு, நடத்துகிறவரின் முழுப்பெயர் என்ன, எந்த ஊர், எந்த அமைப்பு அவரை அனுப்பியது என்று அவளையே விசாரிக்கச் சொல்லுங்கள். "இது ஷின்சியோன்ஜியா என்று நேராகக் கேட்டுப் பார், அவர்கள் எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்று மட்டும் கவனி" என்றும் சொல்லலாம். சீயோன் கிறிஸ்டியன் மிஷன் சென்டர் என்ற பெயர் வந்தால் அது அவர்களுடைய வகுப்புதான். உலக சமாதானக் கூட்டம் நடத்தும் எச்.டபிள்யூ.பி.எல். என்ற அமைப்பின் தலைவரும் இதே லீ மான் ஹீதான். நேர்மையான எந்த பைபிள் வகுப்பும் இந்தக் கேள்விகளுக்கு ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடும்.

இணையத்தில் தேடிப் பார்க்கச் சொன்னால் மறுப்பாள். இணையத்தில் இருப்பது நன்மை தீமை அறியத்தக்க மரத்தின் கனி, தின்றால் சாவாய் என்று அவளுக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். ஆகவே லிங்க் அனுப்பிக் குவிக்காதீர்கள். மனதில் நிற்கிற ஒன்றிரண்டு செய்திகளைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னால் போதும். ஒன்று கணக்கு. வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் முத்திரை போடப்பட்ட 1,44,000 பேர் சேர்ந்ததும் முடிவு வரும் என்பது அவர்கள் போதனை. உறுப்பினர் எண்ணிக்கை அதைத் தாண்டி இரண்டு லட்சத்துக்கும் மேல் போனது. முடிவு வரவில்லை, விளக்கம்தான் மாறியது. இன்னொன்று வழக்கு. சபைப் பணத்தைக் கையாடியதாக லீக்கு மூன்றாண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு அது நிறுத்திவைக்கப்பட்டது, 2022 ஆகஸ்டில் கொரிய உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2020-ல் தென்கொரியாவின் தேகு நகரில் இவர்கள் ஆராதனை வழியாக கொரோனா பரவியபோது நோய்த்தடுப்பு அதிகாரிகளிடம் தகவல் மறைத்தார் என்ற குற்றச்சாட்டிலிருந்து அதே வழக்கில் அவர் விடுவிக்கப்பட்டார் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். பாதி உண்மையைச் சொல்லி அவள் கண்டுபிடித்தால், அதன் பிறகு நீங்கள் எதைச் சொன்னாலும் எடுபடாது.

சட்டத்தைப் பற்றியும் நிறைய எதிர்பார்க்க வேண்டாம். பெயரை மறைத்துச் சேர்த்தார்கள் என்று முன்னாள் உறுப்பினர்கள் கொரியாவில் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். 2020-ல் கீழ் நீதிமன்றம் ஒருவருக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2022-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. அந்த நாட்டிலேயே அப்படி என்றால், இங்கே 23 வயதுப் பெண் விரும்பிக் கேட்கும் வகுப்பைப் போலீஸ் வந்து நிறுத்தாது. பணம் பறிப்பு, மிரட்டல், பாலியல் தொல்லை, ஆதார் போன்ற ஆவணங்களைத் தவறாகப் பயன்படுத்துவது என்று ஏதாவது நடந்தால் கதை வேறு. அப்போது உடனே புகார் கொடுங்கள். ஆன்லைனில் பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

இப்போது உங்கள் கணவரின் யோசனைக்கு வருகிறேன். அவர் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் வயதுவந்த பெண்ணை அடைத்து வைப்பது குற்றம், பெற்றோரே செய்தாலும். அதைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது. கொரியாவில் ஒரு பெற்றோர், ஷின்சியோன்ஜியில் இருந்த இருபதுகளில் உள்ள தங்கள் மகளை மனம் மாற்றுவதற்காக ஒரு விடுதிக்குக் கூட்டிப்போனார்கள். வாக்குவாதம் முற்றிக் கைகலப்பானதில் அவளுக்கு மூச்சு நின்றது. 2018 ஜனவரியில் இறந்துபோனாள். ஜப்பானில், கொரியாவில் தோன்றிய இன்னொரு இயக்கமான யூனிஃபிகேஷன் சபையைச் சேர்ந்த ஒருவரை அவர் குடும்பமே 12 ஆண்டுகளுக்கு மேல் அடைத்து வைத்தது. வெளியே வந்தும் அவர் அந்தச் சபையை விடவில்லை, குடும்பத்தின் மேல் வழக்குப் போட்டு ஜெயித்தார். இந்தக் குடும்பங்களும் பாசத்தில்தான் தொடங்கின. இன்னொரு பக்கம், 'உன் வீட்டாரே உனக்குச் சத்துரு ஆவார்கள்' என்ற வசனத்தை வகுப்பில் முன்கூட்டியே படித்திருப்பாள். நீங்கள் போனைப் பிடுங்கும் நிமிடத்தில் அந்தத் தீர்க்கதரிசனத்தை நீங்களே நிறைவேற்றிக் கொடுக்கிறீர்கள்.

போதகரைக் கூப்பிடலாமா என்றால், அவள் சம்மதித்தால் மட்டும், அதுவும் அவர் கேட்கத் தெரிந்தவராக இருந்தால் மட்டும். வீட்டுக்கு விருந்துக்கு வரச்சொல்லி, உள்ளே நுழைந்ததும் போதகரும் இரண்டு மாமாக்களும் உட்கார்ந்திருக்கும் ஏற்பாடு வேண்டவே வேண்டாம். நம் சபைகளுக்கு நான் வருத்தத்தோடு சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. கூப்பிட்டதும் இந்த வகுப்புகளுக்குப் போகிறவர்கள் அக்கறை இல்லாத பிள்ளைகள் அல்ல, வேதத்தை ஒழுங்காகப் படிக்கத் துடிக்கும் பிள்ளைகள். வெளிப்படுத்தின விசேஷத்தைப் பற்றி வாலிபர் கூட்டத்தில் கேள்வி கேட்டால் "அதெல்லாம் உனக்கு இப்போது வேண்டாம்" என்று உட்கார வைக்கிறோம். சென்னைக்குத் தனியாக வேலைக்குப் போன பெண்ணை ஆறு மாதமாக சபையில் யாரும் விசாரிப்பதில்லை. அந்த இடத்தில் ஒருத்தி தினமும் "சாப்பிட்டாயா, உனக்காக ஜெபித்தேன்" என்று கேட்கிறாள். 2020-லேயே நாகாலாந்து பாப்டிஸ்ட் சபைகளின் மன்றம் இந்த இயக்கத்தைப் பற்றித் தன் மக்களை எச்சரித்தது. எச்சரிப்பதோடு, பிள்ளைகளின் கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் சொல்லும் ஆளும் ஒவ்வொரு சபைக்கும் வேண்டும்.

ஆகவே அடுத்த சில மாதங்களுக்கு உங்கள் முக்கிய வேலை, உறவை அறுந்துவிடாமல் வைத்திருப்பது. போன் செய்யும்போதெல்லாம் இதைப் பேசாதீர்கள். சாப்பாடு, ஆபீஸ், தம்பி தங்கை, ஊர்க் கல்யாணம் என்று பேசுங்கள். அவளுடைய பழைய தோழி யாராவது இருந்தால் வார இறுதியில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். தூக்கம் குறைகிறதா, வேலையை விடுகிற பேச்சு வருகிறதா, அந்தக் குழுவினரோடு ஒரே வீட்டுக்குக் குடிபோகிறாளா, புதிதாக யாரையாவது சேர்க்கச் சொல்லி அவளை நெருக்குகிறார்களா என்று கவனியுங்கள். ஆள் சேர்க்கும் கட்டம்தான் பலருக்குக் கண்ணைத் திறக்கிறது. தனக்கு நடந்ததை இன்னொருத்திக்குத் தானே செய்ய வேண்டிவரும், அதற்குப் பொய் சொல்ல வேண்டிவரும். பொய்யை ஞானம் என்று நியாயப்படுத்தக் கற்றுக்கொடுப்பார்கள். நல்ல வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அது தொண்டையில் சிக்கும். அந்த நேரத்தில் அவள் கூப்பிடக்கூடிய ஆளாக நீங்கள் இருக்க வேண்டும்.

வெளியே வந்தாளானால் "அப்போதே சொன்னேனே" என்று யாரும் சொல்லக்கூடாது, கணவரிடம் இப்போதே பேசிவையுங்கள். நெருங்கிய நண்பர்கள் என்று நினைத்தவர்கள் ஒரே நாளில் அவளை விட்டுவிடுவார்கள். இரவு வகுப்பு நேரம் வந்தால் கை தானாக லேப்டாப்பைத் தேடும். பைபிளைத் திறந்தாலே அந்த அர்த்தங்கள்தான் ஓடும், தண்டனை வருமோ என்ற பயமும் இருக்கும். சில மாதம் பைபிளைத் தொடவே பிடிக்கவில்லை என்றாலும் விட்டுவிடுங்கள். தூக்கமின்மையும் பயமும் தொடர்ந்தால் மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போங்கள். அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416, தமிழிலும் பேசலாம். அந்தக் குழுவின் எண்களை பிளாக் செய்ய வேண்டிவந்தால் அதை அவளே செய்யட்டும், நீங்கள் அவள் போனை எடுத்துச் செய்யாதீர்கள்.