எமோலியன்ட்டும் எமல்சிஃபையரும் ஒன்றா? வெடித்த கைக்கு எது வேண்டும்?

கிரீம்களைப் பற்றிப் படிக்கும்போது இவ்விரு சொற்களும் மாறி மாறி வருவதாகவும், கை வெடிப்புக்கு எதைப் பார்த்து வாங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். எமோலியன்ட் தோலுக்காகச் சேர்க்கப்படுவது. எமல்சிஃபையர் அந்தக் கிரீம் பிரியாமல் இருப்பதற்காகச் சேர்க்கப்படுவது.

என் அம்மா பாம்பனில் பாசி எடுப்பவர். பாறையிலிருந்து பாசியைப் பிய்க்க விரல்களில் சுற்றிய துணியை மாலையில் அவிழ்த்தால், கணுக்களில் வெள்ளைக் கோடுகளாக வெடிப்புகள் தெரியும். அதில் அவர் தடவும் தேங்காய் எண்ணெய் ஓர் எமோலியன்ட்தான். தோலின் மேலடுக்கில் காய்ந்த செல்களுக்கு இடையிலுள்ள இடைவெளியை நிரப்பி, உள்ளிருக்கும் ஈரம் வெளியேறுவதையும் அது குறைக்கிறது. ஈரத்தைத் தடுப்பதில் வாசலின் இன்னும் வலுவானது.

எண்ணெயையும் தண்ணீரையும் குலுக்கி வைத்தால் சிறிது நேரத்தில் பிரிந்துவிடும். ஒரு முனையால் நீரையும் மறுமுனையால் எண்ணெயையும் பற்றிக்கொண்டு அவற்றைப் பால்மமாக நிறுத்துவது எமல்சிஃபையர். கிளிசரில் ஸ்டியரேட், பாலிசார்பேட் போன்றவை அந்த வகை. (எங்கள் கடலில் மூங்கில் மிதவைகளில் வளர்க்கும் பாசியிலிருந்து எடுக்கப்படும் கராஜீனன், லோஷனைக் கெட்டியாக்கிப் பிரியாமல் நிற்க உதவுகிறது, ஆனால் அது முதன்மையான எமல்சிஃபையர் அன்று.) சீட்டோஸ்டியரில் ஆல்கஹால் இரு வேலையிலும் பங்கெடுக்கும், பெயரில் ஆல்கஹால் இருந்தாலும் அது மெழுகு போன்றது, தோலை உலர்த்தாது.

எல்லா எமல்சிஃபையரும் தோலுக்குச் சாதுவானதல்ல. சோடியம் லாரில் சல்பேட் சோப்பைப் போல அழுக்கை நீக்கும் பொருளும்கூட. தோல் வறட்சிக்குத் தடவும் அக்வஸ் கிரீமைப் பழைய முறைப்படி செய்தால், அதில் அது ஏறத்தாழ 1 சதவீதம் இருக்கும். கழுவாமல் தோலிலேயே விட்டுவிட்டால், குறிப்பாக எக்ஸிமா எனும் தோல் அழற்சி உள்ளவர்களுக்கு, எரிச்சல் வரலாம் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் எச்சரித்தது. அம்மாவுக்கு நான் ஆசையாக வாங்கிக்கொடுத்த ஒரு கிரீம் வெடிப்பில் பட்டதும் எரிந்து, அவர் கையை உதறியது இன்னும் கண்ணில் நிற்கிறது; பொருட்பட்டியலை நான் அதன் பிறகே படித்தேன், சோடியம் லாரில் சல்பேட் அதிலும் இருந்தது.

தண்ணீர் சேராத வாசலினுக்கு எமல்சிஃபையரே தேவையில்லை. ஆகவே வெடித்த கைக்கு அதையே சொல்வேன். குடம் விலைக்கு வாங்கும் நல்ல தண்ணீர்தான் என்றாலும், ஒரு செம்பு ஊற்றி உப்பைக் கழுவிவிட்டு, கை முழுதும் காய்வதற்குள் தடவி, பழைய பருத்தித் துணியைத் தளர்வாகச் சுற்றிக்கொண்டு அம்மா இப்போது உறங்குகிறார்.