வாடகை போக மிஞ்சுவது

அன்புள்ள ஐயா,

ஆக்குபேஷனல் தெரபி (நோயாலோ காயத்தாலோ முடங்கியவர்களை அன்றாட வேலைகளுக்கு மறுபடி பழக்கும் சிகிச்சை) படிப்பை இந்த ஆண்டுதான் முடித்தேன். இரண்டு இடங்களில் வேலை கிடைத்திருக்கிறது. ஒன்று பெருநகரத்து மருத்துவமனை. அங்கே மூத்த தெரபிஸ்ட்டுகள் பலர் இருக்கிறார்கள். மற்றது சிறிய ஊரில் ஒரு மறுவாழ்வு மையம். அங்கே நான் ஒருத்தி மட்டும்தான். நகரத்தில் கைக்கு வரும் சம்பளம் 40 சதவீதம் அதிகம். வாடகையோ இரண்டு மடங்குக்கும் மேல். வீட்டில் எல்லோரும் பெரிய சம்பளத்தை விடாதே என்கிறார்கள். இரண்டு ஊர்களின் செலவை ஒப்பிட்டுச் சொல்லும் இணைய விலைவாசிக் கணிப்பானில் போட்டுப் பார்த்தால் சிறிய ஊர்தான் லாபம் என்று வருகிறது. கல்விக்கடனும் இருக்கிறது. எங்கள் துறையின் மூத்தவர் ஒருவரிடம் யோசனை கேட்டேன். "இந்த வேலைக்கு வந்துவிட்டுச் சம்பளக் கணக்குப் பார்க்கலாமா?" என்றார். அதன்பிறகு யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

மாலதி

அன்புள்ள மாலதி,

முதலில் அந்தக் கூச்சத்தை விட்டுவிடுங்கள். உங்கள் துறையில் அது மிகப் பழையது. முதல் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களின் கைகளை மறுபடி வேலைக்குப் பழக்க அமெரிக்க ராணுவம் பெண்களைச் சேர்த்தது. உங்கள் தொழிலின் முன்னோடிகள் அவர்கள். ராணுவ மருத்துவமனைகளில் வேலை செய்தார்கள். ஆனால் ராணுவப் பதவி எதுவும் அவர்களுக்குத் தரப்படவில்லை, சிவில் ஊழியர்களாகவே வைத்திருந்தார்கள். சேவை மனம் உள்ளவர்கள் கணக்குக் கேட்கமாட்டார்கள் என்ற எண்ணம் அப்போதே இருந்தது. இன்றும் மறையவில்லை என்பதை உங்கள் மூத்தவரின் சொல் காட்டுகிறது.

அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. பக்கவாதம் வந்த ஒருவர் மறுபடி சட்டைப் பொத்தான் போட, தானே குளிக்க, கரண்டியைப் பிடிக்கக் கற்றுக்கொள்வது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடக்கும் வேலை. எந்த விரல் ஒத்துழைக்கிறது, எந்த இடத்தில் அவர் மனம் சோர்ந்துபோகிறார் என்பதெல்லாம் கூடவே இருந்தவருக்குத்தான் தெரியும். வாடகை கட்ட முடியாமல் தெரபிஸ்ட் பாதியில் ஊரை விட்டுப் போனால் அந்த நோயாளி புதியவர் ஒருவரிடம் முதலிலிருந்து தொடங்கவேண்டும். உங்கள் வாழ்க்கைச் செலவு நோயாளியின் சிகிச்சையோடு சம்பந்தப்பட்ட விஷயம். அதைக் கேட்க யாரிடமும் தயங்கவேண்டாம்.

சரி, கணக்குக்கு வருவோம். வீட்டார் சொல்வதும் தவறு, கணிப்பான் சொல்வதும் தவறு.

சிறிய ஊரில் கைக்கு வருவது 100 என்று வைத்துக்கொள்வோம். வாடகை 25, போக்குவரத்து 5, மற்ற செலவு 30. மீதி 40. நகரத்தில் கைக்கு வருவது 140. வாடகை 55, போக்குவரத்து 10, மற்ற செலவு 34. மீதி 41. ஏறக்குறைய சமம். 40 சதவீதம் அதிகம் என்று வீட்டார் கண்ட லாபத்தில் பெரும்பகுதி வாடகைக்கும் பஸ்ஸுக்கும் போய்விட்டது.

கணிப்பான் எங்கே தவறுகிறது? நகரத்தில் செலவு 60லிருந்து 99 ஆகிறது, அதாவது 1.65 மடங்கு. கணிப்பான் 140ஐ 1.65ஆல் வகுத்து, இது சிறிய ஊரின் 85க்குத்தான் சமம், உங்களுக்கு 15 நஷ்டம் என்று சொல்லிவிடும். மொத்தச் சம்பளமும் அந்த ஊரிலேயே செலவாகிறது என்று அது எடுத்துக்கொள்கிறது. ஆனால் கல்விக்கடன் தவணை ஊரைப் பார்த்துக் கூடுவதில்லை, குறைவதில்லை. பெற்றோருக்கு அனுப்பும் பணமும் சேமிப்பும் அப்படித்தான். தவணை 25 என்றால் சிறிய ஊரில் 15 மிஞ்சும், நகரத்தில் 16. ஆகவே வகுக்காதீர்கள், கழியுங்கள். ஊரோடு மாறும் செலவுகளைத் தனியே எழுதிக் கழித்துவிட்டு, மிஞ்சுவதை ஒப்பிடுங்கள்.

நான் போட்டவை மாதிரி எண்கள். உங்கள் எண்களை நீங்களே போடவேண்டும், அதிலும் வாடகையை மிகக் கவனமாக. இரண்டு ஊர்களுக்கிடையே கடைச் சாமான்களின் விலை பெரிதாக வேறுபடாது, வாடகைதான் வேறுபடும். அந்த மருத்துவமனைக்குப் போய்வரக்கூடிய தூரத்தில் உண்மையில் காலியாக இருக்கும் ஓர் அறையின் வாடகையை விசாரியுங்கள். நகரத்தின் சராசரி வாடகை உங்களுக்கு உதவாது.

வாடகை இப்படி ஏறும்போது சம்பளம் ஏன் கூடவே ஏறுவதில்லை என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். வாடகையை ஊர் தீர்மானிக்கிறது. உங்கள் உழைப்பின் விலையைப் பெரும்பாலும் தொலைவில் இருக்கும் ஓர் அரசோ காப்பீட்டு நிறுவனமோ தீர்மானிக்கிறது. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்ஸில் புதிய ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் நாடு முழுவதும் ஒரே ஊதிய நிலையில், ஐந்தாம் பேண்டில், தொடங்குகிறார். லண்டனின் உட்பகுதிக்கு 20 சதவீதம், வெளிப்பகுதிக்கு 15, விளிம்புப் பகுதிக்கு 5 என்று கூடுதல் தொகை உண்டு, அதற்கும் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். லண்டன் வாடகைக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை.

அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் செய்வது இன்னும் வருத்தம் தருவது. வெளிநோயாளி தெரபிக்கான கட்டணத்தை ஊருக்கு ஏற்ப அது திருத்துகிறது. கிளினிக் நடத்தும் செலவில் ஊருக்கு ஊர் உள்ள வேறுபாட்டை, கட்டட வாடகை உட்பட, கணக்கில் எடுத்துக்கொள்கிறது. தெரபிஸ்ட்டின் உழைப்புக்கான பங்கு என்று வரும்போது அந்த வேறுபாட்டில் கால் பங்கை மட்டுமே சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. கிளினிக் இருக்கும் கட்டடத்தின் வாடகை சட்டத்துக்குப் புரிகிறது, அதில் வேலை செய்பவர் குடியிருக்கும் வீட்டின் வாடகை புரியவில்லை. இதை நான் அநியாயம் என்றே சொல்வேன்.

இன்னொன்றும் பாருங்கள். சம்பளத்தை மாதத்தால் மட்டும் அளக்காதீர்கள், மணியாலும் அளந்து பாருங்கள். நோயாளியோடு இருக்கும் நேரம் ஒரு பகுதிதான். குறிப்பு எழுதுவது, குடும்பத்தாரிடம் பேசுவது, கைத்தாங்கு (கையைத் தாங்கிப் பிடிக்கும் பட்டை) செய்து சரிபார்ப்பது எல்லாம் வேலைதான். அமெரிக்காவின் பல முதியோர் பராமரிப்பு நிலையங்களில் வேலை நேரத்தில் 85, 90 சதவீதம் சிகிச்சையாகவே கணக்குக் காட்டவேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அப்படியானால் குறிப்புகளை எப்போது எழுதுவது? இரவில், வீட்டில், சம்பளமில்லாமல். வீடுவீடாகப் போய்ச் செய்யும் தெரபிக்கு ஒரு வருகைக்கு இவ்வளவு என்று தருவார்கள். தொகை பெரிதாகத் தெரியும். இரண்டு வீடுகளுக்கு நடுவே போகும் நேரத்தையும், கடைசி நிமிடத்தில் நோயாளி வேண்டாம் என்று சொல்லிவிட்ட நேரத்தையும் சேர்த்து வகுத்தால் சிறுத்துவிடும். பள்ளி வேலைக்குச் சம்பளம் பொதுவாகக் குறைவு, ஆனால் கோடை விடுமுறையையும் சேர்த்துக் கணக்கிட்டால் அவ்வளவு குறைவில்லை.

உங்கள் எண்களும் என் மாதிரியைப் போலச் சமமாக வந்தால், நகரத்துக்குப் போங்கள் என்பேன். சம்பளத்துக்காக அல்ல, அங்கே மூத்தவர்கள் இருப்பதால். படிப்பு முடிந்த கையோடு, கேட்க ஒருவரும் இல்லாத இடத்தில் தனியாக நோயாளிகளைப் பார்ப்பது உங்களுக்கும் பாரம், அவர்களுக்கும் நல்லதல்ல. பின்னால் ஊதியம் உயரும் வழியும் இதில் இருக்கிறது. அமெரிக்காவில் கை சிகிச்சை நிபுணர் சான்றிதழ்த் தேர்வு எழுத மூன்று ஆண்டு அனுபவமும், கை சிகிச்சையில் மட்டும் 4,000 மணி நேரமும் வேண்டும். அவ்வளவு கை நோயாளிகளைச் சிறிய மையம் ஒன்று தருவது கடினம்.

சிறிய ஊரில்தான் மனம் நிற்கிறது என்றால் அதையும் மதிக்கிறேன். அங்கே தெரபிஸ்ட் இல்லாமல் காத்திருப்பவர்கள் இருப்பார்கள். அப்படிப் போவதானால், வாரம் ஒருமுறை வெளியிலிருந்து ஒரு மூத்தவரின் வழிகாட்டலுக்கு மையமே ஏற்பாடு செய்யவேண்டும் என்று கேளுங்கள். தர மறுத்தால் போகாதீர்கள்.

எந்த இடமானாலும் கையெழுத்துப் போடும் முன் மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை நோயாளிகள், குறிப்பு எழுதும் நேரம் சம்பள நேரத்துக்குள் வருகிறதா, நோயாளி வராத மணிக்குச் சம்பளம் உண்டா.