படிப்புக் கடனில் படிக்கும் காலத்துக்கும் வட்டி உண்டா?

கம்பத்திலிருந்து குமுளி தாண்டி லேப் டெக்னீஷியன் படிக்கப் போகிறவர்களுக்கு வரும் சந்தேகம் இது. உண்டு. படிப்புக் காலமும் அதன்பின் வழக்கமாக ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம், அவ்வளவுதான். வங்கியின் பணம் கல்லூரிக்குப் போன நாளிலிருந்தே வட்டி ஓடும். அடகு வைத்த நகையை எட்டிப் பார்க்காவிட்டாலும் வட்டி ஏறுகிறதே, அதுபோல.

2 ஆண்டுப் படிப்புக்கு 3 லட்சத்தை ஒரே தடவையாக, 10% தனிவட்டியில் எடுத்தால் 3 ஆண்டில் 90,000 சேரும். அது அசலோடு சேர்ந்து 3.9 லட்சமாகும், 5 ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் 8,290. முதல் தவணையில் வட்டிக்கே 3,250 போய்விடும். படிக்கும்போதே தொடங்கி அந்த 3 ஆண்டும் மாதம் 2,500 வட்டியைக் கட்டிவந்தால் தவணை சுமார் 6,370தான். வீட்டில் ஒருவர் சம்பாதித்தால் இப்படிக் கட்டுவதே மேல் (சில வங்கிகள் வட்டி விகிதத்தையும் கொஞ்சம் குறைக்கும், கேட்டுப் பாருங்கள்).

வேலை கிடைக்கும்வரை வங்கி காத்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கெடு முடிந்தால், வேலை கிடைக்காவிட்டாலும் தவணை தொடங்கிவிடும்.