ரீச்சரைக் கேளுங்கள்: பதினொன்றரை மணிக்குப் போய்ப் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயதும் எட்டு மாதமும். எனக்கு ஆடைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. காலை ஆறேகாலுக்கு பஸ் வரும், திரும்பி வர மாலை ஆறு ஆகும். கணவருக்குக் கொழும்பில் மேசன் வேலை. மாமிக்கு முழங்கால் வருத்தம், பிள்ளைக்குப் பின்னால் ஓட ஏலாது. இரண்டு இடம் பார்த்திருக்கிறேன். ஒன்று கிளிநொச்சி டவுனில். சுவரெல்லாம் படம், கமரா, ஆங்கிலப் பாட்டு. மற்றது எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா வீட்டோடு நடத்துவது, ஏழு பிள்ளைகள். எங்கே விடுவது?
- ஒரு தாய், தருமபுரம்

பதில்: தங்கச்சி, சுவரில் இருக்கிற படத்தைப் பிள்ளை இரண்டு நாள் பார்ப்பான். அதற்குப் பிறகு தன்னைத் தூக்குகிறவரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். நீங்களும் அந்த முகத்தைப் பார்க்கப் போங்கள். சொல்லிவிட்டுப் போகவேண்டாம். காலை ஒன்பது மணிக்கு எல்லா இடமும் வடிவாகத்தான் இருக்கும். பதினொன்றரைக்குப் போங்கள். பசியும் நித்திரையும் வெயிலும் ஒன்றாய்ச் சேர்ந்து பிள்ளைகள் சிணுங்குகிற நேரம் அது.

போன வருடம் என் பேத்திக்கு இடம் தேடி நானும் அப்படித்தான் போனேன். ஒரு இடத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் ஒரு போனைச் சுற்றி இருந்தார்கள். சின்னவன் ஒருவன் காற்சட்டை நனைந்தபடி மூலையில் நின்றான். நான் படலையடியில் நின்ற கால்மணி நேரமும் அவனிடம் ஒருவரும் வரவில்லை. அடுத்தது சாணி மெழுகிய ஒரு கொட்டில். ஒரு பெண்பிள்ளை கோபத்தில் சோற்றுக் கோப்பையைத் தட்டிவிட்டாள். பொறுப்பாக இருந்த பெண் ஏசவில்லை. பக்கத்தில் குந்தி, சிந்திய சோற்றைக் கூட்டினார். பிள்ளையின் கையிலும் ஒரு பிடி கொடுத்து, "வா, ரெண்டு பேரும் காகத்துக்கு வைப்பம்" என்றார். அழுதுகொண்டிருந்தவள் "கா, கா" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள். பேத்தியை அங்கேதான் விட்டோம்.

உங்கள் ஒழுங்கை அக்காவிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அவர் சமைக்கும்போது, மலசலகூடம் போகும்போது அந்த ஏழு பேரையும் யார் பார்க்கிறார்கள்? மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஐந்தாறு பேருக்கு மேல் போனால் தனி ஒருத்தியால் ஏலாது. 27 வருடம் முன்பள்ளியில் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன். இன்னொரு பெரிய ஆள் கூட இருக்கவேண்டும். பள்ளிக்கூடம் போகிற அவர் மகளை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அடுத்தது கிணறு. நம் பக்கத்தில் இதைக் கேட்காமல் பிள்ளையை விடவே கூடாது. 2013 இல் என்னுடைய முன்பள்ளி வளவில் ஒரு கிணறு, கட்டு ஒரு பக்கம் உடைந்து கிடந்தது. காசு வரட்டும், கட்டுவோம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் மத்தியானம் பிள்ளைகளை எண்ணினால் ஒருவர் குறைவு. கிணற்றடியில் சின்னச் சிவப்புச் செருப்பு, ஒற்றைச் செருப்பு. ஒரு இளைஞன் கயிற்றைப் பிடித்து இறங்கத் தொடங்கிவிட்டான். அதற்குள் விறகுக் கொட்டிலுக்குப் பின்னால் சாக்கில் படுத்து நித்திரையாய்க் கிடந்த பிள்ளையை இன்னொரு ஆள் தூக்கிக்கொண்டு வந்தார். மற்றச் செருப்பு காலில் இருந்தது. தவறு முழுக்க என்னுடையது. அன்று பின்னேரமே கடன் வாங்கிச் சீமெந்து இறக்கினேன். ஆகவே கட்டு இருக்கிறதா, வலை மூடியிருக்கிறதா என்று கிட்டப் போய்க் கையால் தொட்டுப் பாருங்கள். வாய்க்கால் பக்கம் வேலி இருக்கிறதா, விறகுக் குவியல் பிள்ளைகள் விளையாடுகிற இடத்துக்குத் தள்ளி இருக்கிறதா என்றும் பாருங்கள். விறகுக்குள் பாம்பு கிடக்கும்.

டவுன் இடம் கூடாது என்று நான் சொல்லவில்லை. கமராவும் நல்லதுதான், ஆனால் அதை யார் பார்க்கிறார்கள்? எனக்குப் பெரிய யோசனை நேரம். ஆறேகால் பஸ்ஸுக்கு முதல், இருட்டோடு அவனைப் பரந்தன் தாண்டி எப்படிக் கொண்டுபோவீர்கள்? ஓட்டோவில் தனியே அனுப்புவதை நினைக்கவே வேண்டாம். ஒழுங்கையில் என்றால் மாமி மெதுவாய் நடந்துபோய் விடலாம், இடையில் எட்டியும் பார்க்கலாம். கிணறும் சரி, கூட ஒரு ஆளும் உண்டு என்றால் அந்த அக்காவிடமே விடுங்கள். இல்லையென்றால் வேலைக்குச் சேர்வதை ஒரு மாதம் தள்ளிக் கேட்டுப் பார்த்து, வேறு இடம் தேடுங்கள்.

பதிவு பற்றிப் பிரதேச செயலகத்தில் முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் விசாரிக்கலாம். உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடமும் கேளுங்கள். வீடு வீடாகப் போகிறவர், எந்த வீட்டுக் குசினி எப்படி என்று அவருக்குத் தெரியும். பிள்ளையை யார் யார் கூட்டிப்போகலாம் என்று எழுதிக் கொடுங்கள். 'சித்தப்பா' என்று சொல்லிக்கொண்டு வருகிற எல்லாரிடமும் கொடுக்கக் கூடாது. கச்சான் கொட்டை கொடுக்கவேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள், இந்த வயதில் தொண்டையில் சிக்கும். அவசரத்துக்கு 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கம் அவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். பிள்ளையின் உடம்பில் காயம் கண்டால், ஒரு ஆளைக் கண்டு மட்டும் பயந்து ஒளிந்தால், பொறுத்திருக்காமல் சிறுவர் உதவி இலக்கமான 1929 க்கு எடுங்கள்.

முதல் கிழமை நீங்களும் கூட இருங்கள். முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு. அவன் விளையாடும்போது களவாய் நழுவவேண்டாம், பிறகு உங்களை விட்டு இறங்கவே மாட்டான். "அம்மா வேலைக்குப் போறன், விளக்கு வைக்கிற நேரம் வந்திடுவன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அழுவான். அழட்டும். சொன்னபடி வாருங்கள்.

கேள்வி: ஆகஸ்ட் விடுமுறையில் மூன்று நாள் சிறுவர் முகாமுக்கு என் பத்து வயது மகளைக் கேட்கிறார்கள். அவளுக்கு விருப்பம். 'முகாம்' என்ற சொல்லைக் கேட்டதும் அம்மம்மா அழுகிறார்.
- முள்ளியவளை வாசகர்

பதில்: அழாமல் என்ன செய்வார் தம்பி? 2009 இல் போர் முடிந்த நேரம் இடம்பெயர்ந்தோர் முகாமில் முட்கம்பிக்குள் இருந்தவர்களுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள்தான். செட்டிகுளம் முகாமில் தண்ணீருக்குக் கான் வைத்துக் காத்திருந்தவள் நானும். அம்மம்மாவிடம் நியாயம் பேசவேண்டாம்.

முதலில் நீங்கள் ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். இரவில் பெண்பிள்ளைகளோடு படுக்கிற பெண்கள் எத்தனை பேர்? குளிப்பு எங்கே? குளம் என்றால் யோசியுங்கள். ஆகஸ்டில் தண்ணீர் வற்றிச் சேறு கிடக்கும், தாமரைக்கொடி காலைச் சுற்றும், நீந்தத் தெரிந்த பிள்ளைக்கும் ஆபத்து. குழாயடியில் குளிக்க வைப்பதாக இருந்தால் நல்லது. காட்டுக்குள் நடத்திக்கொண்டு போவார்களா, மிதிவெடி என்று எச்சரிக்கிற மண்டையோட்டுப் பலகை உள்ள பக்கம் போகமாட்டார்களா, மண்ணில் கிடக்கிற இரும்பைத் தொடக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்வார்களா? இரவு எட்டு மணிக்கு மகள் வீட்டுக்குக் கதைக்கலாமா? இதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொன்னால் அனுப்பலாம்.

அனுப்புவதற்கு முதல் அம்மம்மாவை அங்கே கூட்டிப்போங்கள். படுக்கிற மண்டபம், குழாயடி, படலை எல்லாவற்றையும் அவர் கண்ணால் பார்க்கட்டும். படலையைத் தானே திறந்து, வெளியே வந்து, திரும்ப உள்ளே போய்ப் பார்க்கட்டும். வீட்டில் அதை 'லீவுப் பயணம்' என்றே சொல்லுங்கள்.