தொடக்ககால அமெரிக்கக் கார்ட்டூன் துறையில் பெண் தயாரிப்பாளர் எவரேனும் இருந்தாரா?

இருந்தார். மார்கரெட் விங்க்ளர் என்பது அவர் பெயர். கேட்டிருப்பவர் அனிமேஷன் பயிலும் மாணவியாக இருப்பார் என்று எண்ணிக்கொண்டே எழுதுகிறேன்.

வார்னர் பிரதர்ஸ் பட நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரான ஹாரி வார்னரிடம் செயலாளராகப் பணியாற்றிய விங்க்ளர், 1920-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் சொந்த நிறுவனம் தொடங்கி, ஃபீலிக்ஸ் பூனைப் படங்களையும், மைக்கூட்டிலிருந்து கோமாளி வெளிவரும் ஃபிளெய்ஷர் சகோதரர்களின் படங்களையும் திரையரங்குகளில் சேர்ப்பித்தார். கான்சஸ் சிட்டியில் தொழில் நொடித்து ஹாலிவுட் வந்திருந்த 21 வயது வால்ட் டிஸ்னியுடன் 1923 அக்டோபர் 16 அன்று ‘ஆலிஸ்’ படவரிசைக்கு ஒப்பந்தம் செய்துகொண்டவரும் அவரே. முதல் ஆறு படங்களுக்குத் தலா 1,500 டாலர், அடுத்த ஆறுக்குத் தலா 1,800 டாலர். டிஸ்னி நிறுவனம் அந்த நாளையே தன் தொடக்க நாளாகக் கொள்கிறது. விங்க்ளருடைய நிறுவனமோ எம். ஜே. விங்க்ளர் என்ற பெயரில் இயங்கியது. அதைப் படிப்பவருக்கு உரிமையாளர் ஆணா பெண்ணா என்று தெரியாது.

அந்த முதலெழுத்துகள் என்னை இன்றும் உறுத்துகின்றன. ஓர் அனிமேஷன் நிறுவனத்தில் நான் தயாரிப்பு ஒருங்கிணைப்பாளராக இருந்தபோது, வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதும் மின்னஞ்சல்களில் முழுப் பெயர் வேண்டாம், முதலெழுத்துகள் போதும் என்று மேலாளர் கூறினார். ஏழு மாதங்கள் கால அட்டவணை, திருத்தங்கள், கட்டணப் பேச்சு அனைத்தையும் நானே நடத்தினேன். வாடிக்கையாளர் நேரில் வந்த அன்று, என்னைத் தேநீர் கொண்டுவந்தவள் என்று கருதி, “ஆர். கே. எங்கே?” என்று என்னிடமே கேட்டார். நான் வாய் திறக்குமுன், மேலாளர் தம் அருகிலிருந்த இளைஞரைச் சுட்டிக்காட்டிவிட்டார். படத்தின் பெயர்ப்பட்டியலிலும் அந்த இளைஞரின் பெயரே வந்தது.

விங்க்ளர் தாமாகத்தானே விலகினார் என்று சிலர் மறுக்கக்கூடும். சார்லஸ் மின்ட்ஸை மணந்தபின் நிர்வாகம் கணவரிடம் சென்றது உண்மை. குடும்பத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் அது அவருடைய உரிமை. டிஸ்னியின் திறமையையும் நான் மறுக்கவில்லை. ஆனால், 1928-இல், டிஸ்னி தயாரித்துவந்த ஆஸ்வால்ட் முயல் படங்களுக்கான தொகையைக் குறைக்க முற்பட்டதும், டிஸ்னியின் ஓவியர்களைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டதும் மின்ட்ஸ் செய்தவை. அதையடுத்து மிக்கி மவுஸ் பிறந்த கதையைச் சொல்லும் பலர் அவற்றை விரிவாக விவரித்துவிட்டு, விங்க்ளரை மட்டும் ‘மின்ட்ஸின் மனைவி’ என்ற இரு சொற்களில் கடந்துவிடுகின்றனர். டிஸ்னிக்கு அந்த ஒப்பந்தத்தை அளித்தபோது அவர் எவருடைய மனைவியும் அல்லர்.